நான் வாய் மூட வசூலான நன்கொடை

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் குடும்பத்தோடு சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நீ செய்த காரியத்துக்கு நான் அப்படி நினைப்பதே பெரிது.

உன் மருமகள் படிக்கும் பள்ளியில், ஆப்பிரிக்காவில் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு நிதி திரட்டுகிறார்கள். அங்கே வகுப்பு மரத்தடியில் நடக்கிறதாம், மழை வந்தால் படிப்பு நின்றுவிடுமாம், கூரை போட வேண்டுமாம். நல்ல காரியம், நான் மறுக்கவில்லை. இதற்காக ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் ஒருவரை, அவரால் முடியவே முடியாத ஒன்றைச் செய்யவைக்க வேண்டும். தெரிந்தவர்கள் மணிக்கு இவ்வளவு என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த வீட்டுப் பெண் தன் அம்மாவைத் தொலைக்காட்சி பார்க்காமல் உட்காரவைத்தாள். என் மகள் எழுதியது இது: ‘என் அப்பா காலை எட்டு முதல் இரவு எட்டு வரை பேச மாட்டார்.’ நடுவில் ஒரு சொல் வந்தாலும் மொத்தப் பணமும் போச்சு.

“இதுக்கெல்லாம் யாரு காசு குடுப்பா?” என்றேன். “கேட்டுத்தான் பாக்குறேனேப்பா” என்று போனவள், ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து இரண்டாவது படிவத்தை எடுத்துக்கொண்டு போனாள். மாடி வீட்டுப் பல் மருத்துவர் கொடுத்தார். என் அலுவலகத்தில் பதினேழு பேர் கொடுத்தார்கள். வாசல் காவலாளி சம்பளத்தில் முன்பணம் வாங்கிக் கொடுத்தாராம். இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கிய என்னைத் தாண்டி மேலாளரான அந்தச் சுருட்டைமுடி பெரிய தொகை எழுதியிருந்தான். அதற்கும் கீழே, அவனைப் போல் இரண்டு மடங்கு, தொலைபேசியில் சொன்னதாக உன் பெயர்.

அன்று காலை பல் மருத்துவரின் கார் வழக்கம்போல் என் வாசலை அடைத்து நின்றது. அவர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, “இடைஞ்சலா இருக்கா சார்? ஒரு வார்த்தை சொல்லுங்க, எடுத்துடறேன்” என்றார். ஐம்பத்திரண்டு வயதில் நான் மதில் ஏறிக் குதித்து அலுவலகம் போனேன். அங்கே கூட்டத்தில், மூன்று வாரம் நான் உட்கார்ந்து தயாரித்த அறிக்கையைச் சுருட்டைமுடி தன் அறிக்கை என்று வாசித்துவிட்டு, “யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கா?” என்று என்னையே பார்த்தான். பதினேழு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் அந்த மரத்தடியை நினைத்துக்கொண்டு பேனாவைக் கடித்தேன். அது உடைந்து, நாக்கு இரண்டு நாள் நீலமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் உன் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். “நீங்க பேசாம இருக்கறப்பதாங்க எனக்குப் பேச்சே வருது” என்று ஆரம்பித்தாள், பத்தொன்பது வருடக் கணக்கு. ஏழு ஐம்பத்தைந்துக்கு உன் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தாள். “என் தம்பி கல்யாணத்துல மைக்கைப் புடிச்சு ஒரு மணி நேரம் பேசினீங்க. சாப்பாடு ஆறிப்போச்சு. அவன் இன்னும் மறக்கலை.”

மச்சான், அது நாற்பது நிமிடம்தான். அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். மகள் கதவோரம் படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டு அடித்ததும் வாயைத் திறந்தேன். இருவரும் தூங்கப் போய்விட்டார்கள்.

மனிதனின் வாய்க்கு விலை வைக்கும் இந்த அவமானத்துக்கு இனி நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன் என்பதை உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு. உனக்கு என்ன சொல்வதென்று யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கூரைக்குப் பணம் சேர்ந்துவிட்டது. பெஞ்சுகளுக்கு இன்னும் வேண்டுமாம். இந்த முறை ஒரு வாரம், இரவும் பகலும். வழக்கம்போல் தொலைபேசியில் திட்டாமல் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். இன்று மூன்றாம் நாள். படிவம் இணைத்திருக்கிறேன். போன தடவை எழுதியதைப் போல் மூன்று மடங்கு எழுது. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பேசுவேன்.