நட்டு கவ்விய வண்டி

டிராக்டர் வாங்குவது முன்பெல்லாம் கஷ்டமான காரியம். நிலம் எவ்வளவு, மண் களியா மணலா, வரிசைகளுக்கு நடுவே இடம் எத்தனை அடி, பின்னால் என்ன கருவி மாட்டப்போகிறோம், பழுதானால் யார் வந்து பார்ப்பார் என்று ஆயிரம் யோசிக்க வேண்டும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. சனிக்கிழமை காலையில் நெடுஞ்சாலை ஓரத்து டிராக்டர் கடைக்குப் போனால் போதும். ஒரு சிட்டிகை மண்ணைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோக வேண்டும். மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். அங்கே அதற்கு வேலையில்லை.

அன்றைக்கு ஏழு மணிக்கே கடை முற்றத்தில் நிற்க இடமில்லை. ஆளுக்கொரு பொட்டலம். ஒருவர் மண்ணை மூன்று முறை சலித்துக் கொண்டுவந்திருந்தார், பார்வைக்கு நல்ல மண்ணாகத் தெரிய வேண்டுமாம். இன்னொருவர் பக்கத்துத் தோட்டத்துக்காரனின் மண்ணைத் திருடிக்கொண்டு வந்திருந்தார். அவனுக்கு என்ன வண்டி விழுகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால்தானே அதைவிடப் பெரியது வாங்க முடியும்.

"போன வாரம் எங்க பெரியப்பாவுக்கு நாப்பத்தஞ்சு குதிரைத்திறன் வண்டி விழுந்துச்சு."

"எத்தனை ஏக்கர் அவருக்கு?"

"அரை."

"கொடுத்து வச்சவரு."

இத்தனை கூட்டமும் ஒரே ஒருவரைப் பார்க்கத்தான். நட்டு ஐயா என்பது அவர் பெயர். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று அவரே மறந்திருக்கலாம். அவரிடம் கோழிமுட்டை அளவில், செம்பு நிறத்தில் ஒரு நட்டு இருக்கிறது. கறுப்பு நூலில் தொங்கும். அதை வைக்கிற பெட்டி மரப்பெட்டி, பெட்டியை வைக்கிற மேசை மரமேசை. உலகத்தில் முதன்முதலாக நிலத்தை உழுத டிராக்டரிலிருந்து கழன்று விழுந்த நட்டு அது என்பது வரலாறு. கழன்ற பிறகு அந்த டிராக்டர் எப்படி ஓடியது என்று வரலாறும் சொல்லவில்லை, கூட்டமும் கேட்கவில்லை.

முறை எளிது. வண்டியின் பானெட்டின் மேல் காகிதத்தை விரித்து, அதில் மண்ணைத் தூவ வேண்டும். ஐயா கண்ணை மூடி நட்டை மெல்ல இறக்குவார். மண்ணும் வண்டியும் பொருந்தாவிட்டால் நட்டு சும்மா ஆடும். பொருந்திவிட்டால் சட்டென்று தாழ்ந்து, காகிதத்தோடு சேர்த்து வண்டியைக் கவ்விக்கொள்ளும். நூலை இழுத்தாலும் லேசில் வராது. அந்தக் கணத்தில் கூட்டத்திடமிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பும். பக்கத்தில் வருகிறவர்கள் சாவிக்கொத்தை ஒரு கூடையில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். இரும்பு கிட்டே இருந்தால் நட்டுக்குக் காது அடைத்துவிடுமாம். டிராக்டர் எதனால் ஆனது என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அங்கே யாரும் கேட்கவில்லை.

மாதுளைக்காரர் போன சனிக்கிழமையே வந்து மண் பார்த்துவிட்டார். இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான தோட்டம். பதினாறு வரிசை, வரிசைக்கு ஐம்பது மரம். கன்று வைத்து நான்கு வருஷமாகிறது, இந்த வருஷம்தான் முதல் காய் பிடித்திருக்கிறது. களை கொத்தி அவர் முதுகு தேய்ந்துபோய்விட்டதால் சின்னதாக ஒரு டிராக்டர் வாங்கலாம் என்று கணவனும் மனைவியும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். பதினெட்டு குதிரைத்திறன் போதும் என்பது மனைவியின் கணக்கு. ஆனால் நட்டு சின்ன வண்டியின் மேல் சும்மா ஆடியது. பெரியதைக் கண்டதும் கவ்விக்கொண்டது.

"உங்க மண்ணு பசியோட இருக்கு. அது பெரிய வண்டியைக் கேக்குது" என்றார் ஐயா.

"ஐயா, அது எங்க வரிசைக்குள்ள நுழையாதே."

"ஒண்ணுவிட்டு ஒரு வரிசையை எடுத்துருங்க. நெருக்கி நட்டது உங்க தப்பு. மண்ணு மேல தப்பில்ல."

ஒன்றுவிட்டு ஒரு வரிசை என்றால் நானூறு மரம். மாதுளைக்காரர் மூன்று நாள் தூங்கவில்லை. நான்காம் நாள் மரம் வெட்டுகிறவர்களுக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு மனைவியிடம் சொன்னார். யாரிடம் முதலில் சொல்வது என்ற வரிசை தப்பாயிற்றே தவிர, அவரும் யோசிக்காத மனிதர் இல்லை.

அவள் கத்தவில்லை. "சனிக்கிழமை நானும் வர்றேன்" என்றாள். தோட்டத்துக்குப் போய், எதிரெதிர் மரங்களின் கிளைகளுக்கு நடுவே இருந்த இடைவெளிக்குச் சரியாக ஒரு மூங்கில் குச்சியை வெட்டினாள். ஐந்தடி வந்தது. அதோடுதான் இப்போது கடைக்கு வந்திருக்கிறாள்.

கூட வந்தவன் அவளுடைய தம்பி. மாதுளைக்காரரை நட்டு ஐயாவிடம் முதலில் அழைத்துவந்த புண்ணியவான் அவன்தான். அவனுக்கும் போன மாதம் பெரியதுதான் விழுந்தது.

"வண்டி எப்படிடா ஓடுது?" என்று அக்கா கேட்டாள்.

"சூப்பர்க்கா. வாசல் தூண் ரெண்டையும் இடிச்சிட்டுத்தான் உள்ள கொண்டுபோனோம். அதுவும் நல்லதுக்குத்தான்னு ஐயா சொல்லிட்டாரு."

"உழுதியா?"

"திருப்ப இடமில்லக்கா. ஆனா பார்க்க அம்சமா நிக்குது."

வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் அவள் சும்மா நிற்கவில்லை. காட்சிக்கு நின்ற இரண்டு வண்டிகளிடமும் போனாள். சின்ன வண்டியின் பின்சக்கரங்களுக்குக் குறுக்கே குச்சியைப் பிடித்தாள். குச்சி இரண்டு பக்கமும் அரையடி நீட்டிக்கொண்டிருந்தது. பெரிய வண்டிக்குப் பிடித்தாள். இப்போது சக்கரங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பிறகு பானெட்டை விரல் முட்டியால் தட்டினாள். பானை வாங்கினாலும் பூசணி வாங்கினாலும் தட்டிப்பார்த்தே பழகிய கை. பெரியது 'டங்' என்றது. சின்னது 'டொக்' என்றது.

மாதுளைக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. "வந்த இடத்துல மானத்தை வாங்காத. எல்லாரும் பார்க்குறாங்க."

"பார்க்கட்டும். சின்னதுல மேல்மூடி ஃபைபருங்க. பெரிசுல தகடு."

"இருந்துட்டுப் போகட்டும். வண்டி வாங்க வந்தியா, தட்டிப்பார்க்க வந்தியா?"

"தட்டிப்பார்த்து வாங்க வந்தேன்."

கடை முதலாளி சிரித்த முகத்தோடு ஓடிவந்தார். பின்முற்றத்தில் பதினோரு பெரிய டிராக்டர்கள் இரண்டு மழைக்காலமாக விற்காமல் நின்றதும், நட்டு ஐயா இந்தக் கடைக்கு வந்தபிறகு அது மூன்றாகக் குறைந்ததும் அந்தச் சிரிப்புக்குக் காரணமாக இருக்கலாம்.

"அம்மா, ஏதாவது சந்தேகமா?"

"ஒண்ணே ஒண்ணு. இதுவரைக்கும் யாருக்காவது சின்னது விழுந்திருக்கா?"

முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதுக்கேத்த மண்ணு இன்னும் வரலம்மா" என்றார்.

மாதுளைக்காரரின் முறை வந்தது. இன்றைக்கு உறுதி செய்துவிட்டால் வண்டி வீடு வந்துவிடும். மனைவி ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். ஐயா வாங்கிப் பெரிய வண்டியின் மேல் தூவினார். கண்ணை மூடினார். நட்டு இறங்கியது. கவ்வியது. பெருமூச்சு கிளம்பியது.

"பார்த்தீங்களா. போன வாரத்தைவிட இன்னிக்குப் பசி ஜாஸ்தி. ஆழமான மண்ணு. பரம்பரை மண்ணு."

"அது உங்க கடை மிதியடியைத் தட்டி எடுத்ததுங்க" என்றாள் அவள்.

மாதுளைக்காரருக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. நட்டு ஐயா கண்ணைத் திறந்தார். அனுபவஸ்தர் அல்லவா, தடுமாறவில்லை.

"மிதியடியில இருக்கிறது யார் மண்ணு? வர்றவங்க கால்ல ஒட்டிவந்த மண்ணு. நூறு தோட்டத்து மண்ணும்மா அது. அதான் இவ்வளவு பசி."

கூட்டம் தலையாட்டியது. "பாரேன், எவ்வளவு சூட்சுமமா சொல்றாரு" என்றார் மண்ணைச் சலித்துக் கொண்டுவந்தவர். அறிவாளியைக் கேள்வி கேட்டு மடக்கிவிடலாம். நம்புகிறவர்கள் பக்கத்தில் நிற்கும்போது புளுகனை மடக்குவது சாமானியமான வேலையில்லை. அவன் பாதி சொல்வதற்குள் மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அவள் விடவில்லை. முற்றத்து ஓரத்தில் ஒரு இரும்புத் தள்ளுவண்டி நின்றது. சிமென்ட் சுமக்கிற ஒற்றைச் சக்கர வண்டி. "ஐயா, நட்டு மண்ணைப் பார்த்துத்தானே கவ்வுது? அதே மண்ணை அந்தத் தள்ளுவண்டியில வச்சுப் பாருங்க."

"தள்ளுவண்டியிலயா? நட்டுக்கு ஒரு மரியாதை இருக்கு தாயி."

பிரச்சினை அத்தோடு முடிந்திருக்கும். முடியாமல் செய்தவர் யார் தெரியுமா? மாதுளைக்காரர்தான். அந்த முற்றத்தில் நட்டு ஐயாவை அவரைவிட உறுதியாக நம்பியவர் யாருமில்லை. நானூறு மரத்தைப் பலி கொடுக்கத் துணிந்தவருடைய நம்பிக்கை அரைகுறையாகவா இருக்கும்? மனைவியின் வாயை அடைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று அவருக்குப் பட்டது.

"ஐயா, நீங்க வச்சுக் காட்டிடுங்க. தள்ளுவண்டி மேல நட்டு சும்மாதானே ஆடும்? அதை இவ கண்ணால பார்த்துட்டா போதும், நான் இப்பவே பெரிசுக்குக் கையெழுத்துப் போட்டுடுறேன்."

"இன்னிக்கு நட்டு களைச்சுப்போச்சுப்பா."

"இப்பத்தானே பசி ஜாஸ்தின்னீங்க. எனக்காக ஒரே ஒரு தடவை ஐயா."

"ஆமா ஐயா, காட்டிடுங்க" என்று கூட்டமும் கெஞ்சியது. "அந்தம்மா வாயை அடைச்சிடுங்க."

பக்தர்கள் கெஞ்சினால் தெய்வமே இறங்கிவர வேண்டும், நட்டு எம்மாத்திரம்? ஐயா நட்டை மெதுவாகப் பெட்டிக்குள் வைக்கப் பார்த்தார். அதற்குள் மாதுளைக்காரர் தள்ளுவண்டியை அவரே உருட்டிக்கொண்டுவந்து, பரம விசுவாசத்தோடு, நட்டுக்கு நேர்கீழே நிறுத்தினார்.

'டங்'.

மண் தூவக்கூட நேரம் கிடைக்கவில்லை. நட்டு பாய்ந்து தள்ளுவண்டியின் விளிம்பைக் கவ்வியது. ஐயா நூலை இழுத்தார். தள்ளுவண்டி ஓரடி முன்னால் வந்தது. பதறி இன்னும் வேகமாக இழுத்தார். அதுவும் சொல்பேச்சுக் கேட்கிற கன்றுக்குட்டி மாதிரி கூடவே வந்தது.

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அண்ணே, இது எத்தனை குதிரைத்திறன்?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. அவள் குனிந்து நட்டைத் திருகி எடுத்தாள். செம்புச் சாயம் பெயர்ந்த இடத்தில் கறுப்பாகத் தெரிந்தது.

"காந்தம்ங்க. எங்க வீட்டு அலமாரிக் கதவுல இதோட தம்பி இருக்கான். தகட்டைக் கண்டா ஒட்டும். ஃபைபரைக் கண்டா ஆடும். அதான் சின்ன வண்டி யாருக்குமே விழல." பக்கத்துக் கூடையை நட்டருகே நகர்த்தினாள். மூன்று சாவிக்கொத்து சலசலவென்று வந்து தொங்கியது.

"அப்ப என் தூணு?" என்றான் தம்பி. அதற்குள் நட்டு ஐயா மரப்பெட்டியை மட்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்முற்றம் வழியாக நடையைக் கட்டியிருந்தார். முதலாளி, "எனக்கும் இப்பத்தாங்க தெரியும்" என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நம்புவதற்கு அங்கேயும் நாலு பேர் இருந்தார்கள்.

மாதுளைக்காரர் தள்ளுவண்டியின் கைப்பிடியை விடாமல் நின்றார். காய் பிடித்த நானூறு மரம் அவர் கண்முன்னால் வரிசையாக நின்றது. பிறகு போனை எடுத்தார். "அண்ணே, திங்கட்கிழமை வர வேண்டாம். இல்ல, நாள் தள்ளிவைக்கல. வரவே வேண்டாம்." போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, மனைவியைப் பார்க்காமல், "சின்னதை ஓட்டிப் பார்த்துட்டே வாங்கிருவோமா?" என்றார்.

"முதல்ல மண்ணைக் கிளறுற ரோட்டவேட்டரை மாட்டித் தரச் சொல்லுங்க. தோட்டத்துல ஒரு வரிசை ஓட்டிப் பார்ப்போம். பழுதுன்னா யாரு வருவாங்க, எத்தனை நாள்ல வருவாங்கன்னு கேளுங்க. அப்புறம் பேசலாம்."

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். முடியவில்லை. அவள் திரும்பிப் பார்த்தபோது கூட்டம் அவளைச் சூழ்ந்திருந்தது. எல்லோர் கையிலும் பொட்டலம் அப்படியே இருந்தது. எல்லாம் அவளை நோக்கி நீண்டன.

"அக்கா, எங்க மண்ணையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

"தட்டிப்பார்த்தே கண்டுபிடிச்சீங்களே, அது கையில இருக்கிற ராசி."

"அந்தக் குச்சியை ஒருநாள் தாங்கக்கா" என்றார் மண்ணைச் சலித்தவர், குச்சியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு. "எங்க தோட்டத்துக்கு எதுன்னு அதுகிட்டயே கேட்டுக்கிறோம்."

அவள் குச்சியைப் பார்த்தாள். அவர்களைப் பார்த்தாள். "இது எங்க மரத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளிங்க. உங்க தோட்டத்துல இதை வச்சு என்ன செய்வீங்க? மூங்கில் எங்கயும் கிடைக்கும். குனிஞ்சு அளக்குறதுதான் நீங்க செய்யணும்."

சிலர் பொட்டலத்தை உதறிவிட்டு வீட்டுக்கு அளக்கப் போனார்கள். மற்றவர்கள் அவள் போகிற திசையைப் பார்த்துக் கை கூப்பினார்கள். ஐயாமாரே, கூப்பிய கையால் ஒரு முழம்கூட அளக்க முடியாது. முதலில் அதைப் பிரியுங்கள்.