டிசம்பர் பத்து வரை பனி இல்லை

முற்றத்தில் நான்கு அங்குலத்துக்கு வெள்ளையாகக் கிடந்ததைப் பனி என்று ஒப்புக்கொள்ள இம்தியாஸ் காவூசா தயாராக இல்லை. தேதி நவம்பர் மூன்று. டிசம்பர் பத்து வரை ஸ்ரீநகரிலும் சரி, தெற்கே ஷோபியான் பக்கமும் சரி, பனி விழாது என்று பத்து நாள் முன்புதான் தன் வாட்ஸப் குழுவில் எழுதியிருந்தார்.

குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லாரும் வானத்தைப் பார்த்தே கழுத்து வலி வந்தவர்கள். சிலரிடம் மழைமானி இருந்தது, மற்றவர்களிடம் ஜன்னல் இருந்தது. காவூசா குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா. அங்கே அவரை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. குழுவில் மட்டும் அவர் ‘உஸ்தாத்’.

“என்னங்க, வெளிய பாத்தீங்களா?” என்றாள் மனைவி தஸ்லீமா, கணப்புச் சட்டியான காங்கிடிக்குள் கரித்துண்டுகளைக் கிளறியபடி.

“பாத்தேன்.”

“பனி.”

“பனி இல்லை. ஆலங்கட்டிக்கும் பனிக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு. இது அது.”

“நடுவுல இருக்கறது மரத்தை ஒடிக்காதா?”

காவூசா உப்புத் தேநீரைக் கீழே வைத்தார். அவள் எங்கே வருகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“எங்கப்பா அன்னிக்கே ஆப்பிள் பறிக்க ஆள் கூப்பிட்டிருந்தார். போன் போட்டு நிறுத்தினது யாரு? ‘மாமா, இன்னும் பதினைஞ்சு நாள் விடுங்க, நிறம் ஏறட்டும்’னு சொன்னது யாரு? நானா?”

ஷோபியானில் மாமனார் ஜப்பார் லோனுக்கு இருநூறு மரங்கள். ஒரு வருஷத்துச் சோறு அத்தனையும் கிளையில் தொங்கும். இலை உதிராத மரத்தில் ஈரப்பனி விழுந்தால் பழம் போகும், கிளையும் பிளந்துகொண்டு போகும். காவூசா மாமனாருக்கு ஆறு முறை போன் போட்டார். ஆறு முறையும் மணிகூட அடிக்கவில்லை.

ஆனாலும் முதலில் மானத்தைப் பார்ப்போம் என்று குழுவைத் திறந்தார். அங்கே திருவிழா. ஒருவன் கார் கூரையில் அடிக்கோல் நட்டு ஐந்து அங்குலம் என்றான். கார் கூரை செல்லாது, புல்தரையிலும் அளக்கக்கூடாது, பலகையில்தான் அளக்க வேண்டும் என்று இன்னொருவன் சண்டைக்கு வந்தான். வெள்ளையாக ஒரு ஆட்டின் படம் வந்தது. அந்த ஆடு முதலிலேயே வெள்ளைதான் என்று ஒருவர் கண்டுபிடித்தார்.

காவூசா எழுதினார்: “இது பனி அல்ல. பத்து மணிக்குள் கரைந்துவிடும்.”

பத்து மணிக்கு ஏழு அங்குலம் ஆயிற்று.

அவசரமாகத் தான் காலையில் எழுதியதை அழித்தார். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று அந்த இடத்தில் வந்து நின்றது. அதுவரை பழைய அறிவிப்பை மறந்திருந்தவர்களுக்கும் இப்போது அது நினைவு வந்தது. அரை நிமிஷத்தில் அந்த அறிவிப்பின் படத்தை நாற்பது பேர் போட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு சுபான் பட்டூ. ஃபெரன் அங்கிக்குள்ளிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“காவூசா சாஹிப், ரொட்டி வாங்கப் போனேன். இந்தக் குளிர்ல நீங்க எங்க போகப் போறீங்கன்னு உங்களுக்கும் சேத்து வாங்கினேன்.”

வேறு எந்த நாளாக இருந்தாலும் காவூசா உஷாராகியிருப்பார். முதல் பனி விழுந்த நாளில் அடுத்தவன் நீட்டும் பொட்டலத்தைக் கையால் தொடக்கூடாது என்பது இந்தப் பள்ளத்தாக்கில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். உள்ளே பனி இருந்து, நீங்கள் வாங்கிக்கொண்டால் பந்தயத்தில் தோற்றீர்கள். கொடுத்தவருக்கு ஹரீசா என்னும் கறிக்கூழ் விருந்து வைக்க வேண்டும். ஆனால் இது பனியே இல்லை என்று விடியலிலிருந்து சொல்லிச் சொல்லிக் காவூசாவே அதை நம்பத் தொடங்கியிருந்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பொட்டலம் சில்லென்றிருந்தது.

“தோத்தீங்க!” என்று சுபான் குதித்தார். “ஹரீசா! எனக்கும் என் மச்சினன் மூணு பேருக்கும்!”

“பந்தயம் செல்லாது. இது பனி இல்லை.”

“என்னது?”

“பனின்னா ஆறு முனை இருக்கணும். இதுல இல்லை. எங்க வேணா வந்து சொல்றேன், இது பனி இல்லை!”

முற்றத்தில் இறங்கி நின்று அவர் அப்படிச் சொல்லும்போது தொப்பியில் இரண்டு அங்குலம் ஏறியிருந்தது. சுபானின் மகள் மாடி ஜன்னலிலிருந்து அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரத்தில் அது குழுவுக்கு வந்துவிட்டது. அதைப் போட்டவன் கீழே எழுதியிருந்தான்: “உஸ்தாத் பனியில் நின்று பேசுகிறார்.”

காவூசாவுக்குக் கண் கலங்கியது. கேலியைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். மாமனாரின் தோட்டத்தை நினைத்தபோதுதான் தாங்க முடியவில்லை. அந்த மனிதர் இவர் பேச்சை நம்பினார்.

“கிளம்பு. மாமா கால்ல விழுந்துட்டு வரலாம்,” என்றார் தஸ்லீமாவிடம்.

“முதல்ல நான் பேசறேன். நீங்க வாயே திறக்காதீங்க. திறந்துதான் இவ்வளவும்.”

ஷோபியான் போகும் சுமோவில் இவர்களைத் தவிர யாரும் ஏறவில்லை. டிரைவர் யாக்கூப் கண்ணாடியில் காவூசாவை இரண்டு முறை உற்றுப் பார்த்துவிட்டு, யாருக்கோ போனில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். வழியெல்லாம் வெள்ளை. புல்வாமா தாண்டியதும் காவூசா போனை எடுத்துக் குழுவில் எழுதினார்: “தவறு என்னுடையது. இனி ஜென்மத்துக்கும் வானிலை சொல்ல மாட்டேன். எல்லாரும் மன்னிக்கவும்.” எழுதி முடித்ததும் மனம் கொஞ்சம் லேசானது.

ஊர் எல்லையில் முப்பது பேர் நின்றிருந்தார்கள். சிலர் கையில் நீளக் கம்பு. முன்னால் மாமனார் ஜப்பார் லோன்.

“ஐயோ, ஊரே பறிக்காம விட்டிருக்கு,” என்று காவூசா இருக்கைக்குக் கீழே குனிந்தார். “யாக்கூப், வண்டியைத் திருப்பு!”

யாக்கூப் வண்டியைத் திருப்பவில்லை. நிறுத்தினான். மாமனாரே வந்து கதவைத் திறந்தார்.

“வாங்க மாப்பிள்ளை. ஏன் கீழ உக்காந்திருக்கீங்க?”

“மாமா, என்னை மன்னிச்சிடுங்க. உங்க ஆப்பிள்...”

“ஆப்பிளுக்கு என்ன? பெட்டியில இருக்கு.”

காவூசா தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். சாலையோரத் தோட்டங்களில் ஒரு பழம் கிடையாது. கிளைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கம்பு வைத்திருந்தவர்களில் இரண்டு பேர் மரத்தைத் தட்டிப் பனியை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிளை ஒடிந்திருந்தது, அவ்வளவுதான்.

“எப்ப பறிச்சீங்க?”

“நீங்க போன் பண்ணின மறுநாளே ஆரம்பிச்சிட்டோம்.”

“நான் பறிக்க வேண்டாம்னுதானே சொன்னேன்?”

மாமனார் தாடியைத் தடவினார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார். மற்றவர்களும் அவரவர் கம்பைப் பார்த்தார்கள். தஸ்லீமா அப்பாவையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சும்மா... ஒரு யோசனை தோணுச்சு, மாப்பிள்ளை,” என்றார் மாமனார். “அதை விடுங்க. வழியில உங்க குழுவுல ஏதோ எழுதினீங்களாமே, இனிமே வானிலை சொல்ல மாட்டேன்னு? அதைக் கேட்டுத்தான் எல்லாரும் பதறிப்போய் வந்து நிக்கறோம்.”

“ஆமாம் மாமா. முடிவு பண்ணிட்டேன். என்னால இனி யாரும் கெட வேண்டாம்.”

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. வண்டியிலிருந்து இறங்கி வந்த யாக்கூப் காவூசாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அப்படிச் சொல்லாதீங்க உஸ்தாத்! எனக்கும் அறுபது மரம் இருக்கு. பனி வராதுன்னு நீங்க சொல்லலேன்னா, பனி வரப்போகுதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?”