அடுத்த வீடுதான் அடுத்த கடை

உலகத்தில் விலை விசாரிக்காமல் எதையாவது வாங்கியவர்கள் உண்டென்றால், அவர்கள் ரேட்டக்காவின் தெருவில் குடியிருக்காதவர்கள். நான் குடியிருந்தேன். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்த காலம் அது. ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு வந்தால்கூட, தெருமுனையில் நின்று மனசுக்குள் பதிலை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடப்பேன்.

"என்ன ரேட்டுலே?" என்பாள். சொன்னால், "வேற கடை பாத்தியா?" என்பாள். இல்லை என்றால், என்னையும் என்னைப் பெற்றவர்களையும் ஒரு பார்வை பார்ப்பாள். அதற்குப் பயந்தே நான் மூன்று கடை ஏறி இறங்கி வேர்த்து விறுவிறுத்து வருவேன்.

அவளுடைய அசல் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். கூரியர்காரர்கூட "ரேட்டக்கா வீடு எது?" என்றுதான் கேட்பார். உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டு ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவள் கணவர், அண்ணாச்சி, மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் கயிறும் வலையும் பெயின்ட்டும் விற்றார். பேச்சு அதிகம் வராத மனிதர். ஒருநாள் என்னிடம், "தம்பி, என்னையவே மூணு எடத்துல விசாரிச்சு ஒத்துப் பாத்துட்டுத்தான் கெட்டுனா" என்றார். அதில் துளி வருத்தம் இல்லை. போட்டியில் முதலாவதாக வந்தவரின் பெருமைதான் இருந்தது.

திரேஸ்புரத்தில் சீலா மீன் ஏலம் விடுகிறவர் அக்கா வருவதைப் பார்த்தால் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார். திருச்செந்தூருக்குப் போனபோது அர்ச்சனைத் தட்டுக்கு நாலு கடையில் விலை கேட்டிருக்கிறாள். ஐந்தாவது கடைக்குப் போவதற்குள் நடை சாத்திவிட்டார்கள். அண்ணாச்சி தலையில் கை வைத்தாராம். "முருகன் எங்க போயிரப் போறான்? சாயங்காலம் வரைக்கும் நேரங் கெடக்கு. வாங்க, இன்னும் ரெண்டு கடை பாப்போம்" என்றாளாம் இவள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு கோடையில் கரண்ட் பில் எகிறியது. கையில் அலைபேசியோடு என் வீட்டு மாடிப்படி ஏறி வந்தாள்.

"ஏலே தம்பி, கரண்ட்டுக்கு வேற கடை எங்கன இருக்கு?"

"வேற கடையே கிடையாதுக்கா. ஊருக்கெல்லாம் ஒரே கடைதான்."

"ஒத்தக் கடையா? அப்ப அவன் வச்சதுதான் வெலையா?"

இரண்டு நாள் அவள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை என்று அண்ணாச்சி சொன்னார். மூன்றாம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு மின்வாரிய அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டாள். அவர்கள் இங்கிலீஷில் ஏதாவது சொன்னால் நான் சமாளிக்க வேண்டுமாம். அங்கிருந்த அதிகாரி நல்ல பொறுமைசாலி.

"சார், மொத்தமா எடுத்தா என்ன ரேட்டு போடுவிய?"

"மொத்தமா எடுத்தா கூடும்மா."

"கொறையும்னு சொல்லுங்க."

"இல்லம்மா, கூடும். ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் வரைக்கும் இலவசம். அதுக்கு மேல போகப் போக ரேட்டு ஏறும். ஐந்நூறத் தாண்டிட்டீங்கன்னா, கீழ்ப்படியில கெடைச்ச சலுகையும் சேந்து போயிரும்."

ரேட்டக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வியாபாரக் குடும்பத்தில் பிறந்து வியாபாரியைக் கட்டிக்கொண்டவள். ஒரு சாக்கு எடுத்தால் ஒரு விலை, பத்துச் சாக்கு எடுத்தால் அதைவிடக் குறைந்த விலை என்பதைத் தாய்ப்பாலோடு குடித்தவள்.

"நெறைய வாங்குதவனுக்குக் கூட வெலை. வாங்காதவனுக்கு ஓசி. இப்படி யாவாரம் பண்ணுனா கடை வெளங்குமா சார்?"

"இது யாவாரம் இல்லம்மா. சேவை."

"அதான பாத்தேன்" என்று எழுந்துவிட்டாள்.

திரும்பி வந்த கையோடு தெருவில் வீடு வீடாக ஏறி, யாருக்கு எவ்வளவு வருகிறது என்று விசாரித்தாள். கடைசியாக ஏறியது பக்கத்து வீடு, வின்ச் மாமாவுடையது. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வுபெற்றவர். சொந்த ஊர் மணப்பாடு. மனைவி இல்லை, மகன் கப்பலில். ஒரு மின்விசிறி, ஒரு பல்பு, ஞாயிற்றுக்கிழமை பூசை பார்க்க ஒரு டிவி. அவ்வளவுதான் அவர் குடும்பம்.

"மாமா, ஒங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு எவ்வளவு வருது?"

"ஒண்ணும் வராதே மக்கா. நூறே தாண்டாதே."

ரேட்டக்கா வாசலுக்கு வந்து மின்கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். அங்கிருந்து தன் வீட்டுக்குப் போகிற கம்பியைப் பார்த்தாள். மாமா வீட்டுக்குப் போகிற கம்பியைப் பார்த்தாள்.

"ஒரே கம்பம். ஒரே கரண்ட்டு. என் வீட்டுக்குள்ள வந்தா கூட ரேட்டு, மாமா வீட்டுக்குள்ள போனா ஓசி. வேற கடை இல்லன்னு யாருலே சொன்னா? அடுத்த வீடுதாம்லே அடுத்த கடை!"

சட்டம் ஒழுங்கு விஷயத்தில் அவள் கறார். உடனே அந்தப் பொறுமைசாலி அதிகாரிக்கு ஃபோன் போட்டாள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஒயர் இழுக்கலாமா என்று கேட்டாள். இழுக்கவே கூடாது, பெரிய தப்பு என்றார் அவர்.

"சரி சார். கிரைண்டரத் தூக்கிக்கிட்டு ஆள் போலாமா?"

"ஆள் போறதுக்கு நான் எப்படிம்மா பெர்மிஷன் குடுக்க முடியும்?" என்றார் அவர்.

அதையே பெர்மிஷனாக எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கிரைண்டர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் வின்ச் மாமா வீட்டுக்குக் குடிபோயின. நூறைத் தாண்டாமல் எவ்வளவு ஓட்டலாம் என்று அவளே கணக்கு வைத்துக்கொண்டாள். வாடகையாக மாமாவுக்கு மதியம் சோறும் மீன் குழம்பும் போய்ச் சேர்ந்தன. "செபம் சொல்ல எடமில்ல, ஆனா சாளைக் கொழம்புக்குக் கொறவில்ல" என்று அவர் சிரிப்பார். வருஷக்கணக்கில் யாரும் வராத வீட்டில் காலையும் மாலையும் நாலு பேர் பேச்சுச் சத்தம். மனிதர் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அடுத்த கோடை எங்கள் தலையில் விடிந்தது.

பங்குனி முடிகிற நேரத்தில் எங்களுக்குப் பையன் பிறந்தான். எடை குறைவு. வெக்கை தாக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். நாங்கள் இருந்ததோ மொட்டை மாடிக்கு நேர் கீழே. மத்தியானம் கடல் காற்று நின்றுபோனால் அந்த அறையில் அப்பளத்தை எண்ணெய் இல்லாமலே பொரிக்கலாம். தவணையில் ஒரு ஏசி வாங்கி மாட்டினேன். முதல் பில்லே ஐந்நூறு யூனிட்டைத் தாண்டி, என் சம்பளத்தைக் கடித்து வைத்திருந்தது. அந்த நேரம் பார்த்து மாமனார் வந்து சேர்ந்தார்.

மாமனாருக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம் தாமிரபரணிக் கரையில் வயல். நல்ல மனிதர்தான். பேரனைப் பார்த்ததும் நல்ல மனிதராக இருப்பதை நிறுத்திவிட்டார்.

"மாப்ள, இந்த ஏசிச் செலவு ஒங்களுக்குத் தாங்காது. தாயையும் புள்ளையையும் நம்ம ஊருக்கு அனுப்பி வையுங்க. ஆத்துக் காத்து வரும். எங்க மோட்டாருக்குக் கரண்ட்டே ஓசி, தெரியும்லா?"

"எப்ப மாமா திரும்பி வருவாங்க?"

"என்ன அவசரம்? பள்ளிக்கூடத்துல சேக்குத வயசு வரட்டுமே."

என் மனைவி செல்வி உள்ளறையில் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதுதான் அவன் கழுத்தைத் தாங்கித் தூக்கப் பழகியிருந்தது. கப்பல் வந்தால் ராத்திரி பகல் தெரியாத வேலை. ஊருக்கு அனுப்பிவிட்டால் மாதத்துக்கு ஒருமுறை பார்த்தாலே பெரிது. அவன் என்னை விருந்தாளி என்று நினைத்துத்தான் வளர்வான். ஆனால் பில்லைக் காட்டிக் கேட்கிறவரிடம் என்ன பேச முடியும்?

அப்போது மாவுச் சட்டியோடு உள்ளே வந்தாள் ரேட்டக்கா.

"மோட்டாருக்குத் தான ஓசி? புள்ளைய மோட்டார் ரூம்லயா தூங்கப் போடப் போறிய?"

மாமனார் திடுக்கிட்டார். "நீங்க யாரும்மா?"

"அடுத்த வீடு" என்றாள், கலெக்டர் என்று சொல்கிற தோரணையில். "பெரியவரே, ஒரு பேச்சு. நேத்துதான் ரீடிங் எடுத்துட்டுப் போயிருக்கான். அடுத்த ரீடிங்குல ஐந்நூறத் தாண்டலன்னா புள்ள இங்கனதான் இருக்கும். தாண்டிட்டுன்னா நானே கார் புடிச்சு ஏத்தி அனுப்புதேன். சம்மதமா?"

ஏசி ஓடுகிற வீட்டில் அது நடக்காது என்று மாமனாருக்குத் தெரியும். சந்தோஷமாகச் சம்மதித்தார்.

மறுநாளே எங்கள் வீடு ரேட்டக்காவின் ஆட்சிக்குக் கீழ் வந்தது. ஃபிரிட்ஜை நிறுத்தினாள். பாலும் மாவும் அவள் வீட்டுக்குப் போயின. மிக்ஸிக்கு அம்மி வந்தது. என் சட்டைகள் வின்ச் மாமா வீட்டில் தேய்க்கப்பட்டன. எங்களுக்குத் துணையாக வந்திருந்த மாமியாருக்கு சீரியல் இல்லாமல் சாப்பாடு இறங்காது. டிவியும் வின்ச் மாமா வீட்டில்தான் என்று உத்தரவாயிற்று. கணவர் கட்சியில் இருந்த மாமியார், ஒரே வாரத்தில் அக்கா கட்சிக்கு மாறிவிட்டார். தோழிகள் சூழ உட்கார்ந்து சீரியல் பார்க்கிற சுகம் ஊரில் கிடைக்காதாம்.

அலுவலகத்திலிருந்து வந்து நான் ஹாலில் விளக்கைப் போட்டால், எங்கிருந்தோ குரல் வரும்: "ஏலே, பொழுது இன்னும் முழுசா அடையல! கண்ணு தெரியலயா ஒனக்கு?"

மிச்சம் பிடித்த யூனிட்டெல்லாம் ஏசிக்கு. அதிலும் மத்தியானம் இவ்வளவு, ராத்திரி இவ்வளவு என்று வகுத்திருந்தாள். தினமும் காலையும் மாலையும் வந்து மீட்டரைக் கூர்ந்து பார்ப்பாள், உதட்டை அசைத்துக் கணக்குப் போடுவாள், போய்விடுவாள். அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். செல்விக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. "ஊரே வந்து கொஞ்சிட்டுப் போவுது. இந்த அக்கா மட்டும் புள்ள மூஞ்சியவே பாக்க மாட்டேங்காவ. பூராப் பாசமும் மீட்டர் மேலதானா?" என்பாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

கணக்கு கச்சிதமாகத்தான் போனது. ரீடிங் எடுக்கிறவர்தான் வரவில்லை.

வர வேண்டிய நாள் போனது. மறுநாளும் போனது. ஒவ்வொரு நாளும் கணக்கு ஐந்நூறை நோக்கி நகர்ந்தது. சொன்ன தேதிக்கு மாமனார் காரோடு வந்து இறங்கிவிட்டார். காரின் பின்சீட்டில் புதுத் தொட்டில் துணி, புதுத் தலையணை. செல்வி குழந்தையின் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள். கணக்கு நானூற்றுத் தொண்ணூற்றைத் தாண்டியிருந்தது. இன்னும் ஒரு ராத்திரி ஏசி ஓடினால் கதை முடிந்தது.

"இந்தா வாரேன்" என்று ரேட்டக்கா தெருவில் இறங்கினாள். போய்க்கொண்டிருந்த ஆட்டோவை மறித்தாள். ஏறினாள். "போ" என்றாள். ஆட்டோ போய்விட்டது.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அண்ணாச்சி சுவரில் கை ஊன்றிக்கொண்டார்.

"தம்பி," என்றார், "ரேட்டு கேக்காம ஏறிட்டாளே!"

அரை மணி நேரத்தில் ஆட்டோ திரும்பி வந்தது. அக்காவுக்குப் பக்கத்தில் ரீடிங் எடுக்கிற இளைஞர், பாதி குடித்த டீ கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உங்க தெரு நாளைக்குத்தாம்மா" என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். "நாளைக்கு வந்து என்னத்தப் பாக்க? அதுக்குள்ள எங்க புள்ள ஊருக்குப் போயிரும்" என்று அவரை மீட்டர் முன்னால் நிறுத்தினாள். ஆட்டோக்காரர் கூலி கேட்கவே பயந்துபோய் ஓரமாக நின்றார்.

இளைஞர் குனிந்தார். தெரு மொத்தமும் அவரோடு சேர்ந்து குனிந்தது. பழைய ரீடிங்கைக் கழித்துச் சொன்னார்:

"நானூத்தித் தொண்ணூத்தி ஏழு."

வின்ச் மாமா இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசில், துறைமுகத்தில் நின்ற கப்பலுக்குக் கேட்டிருக்கும். மாமியார் கணவர் முன்னாலேயே கைதட்டினார். அண்ணாச்சி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் அழுதேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே அழுதேன்.

மாமனார் கொஞ்ச நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தாயி, அறுவடைக்கு ஒருதரம் எங்க ஊருக்கு வாங்க. ஒங்கள முன்னால விட்டா எங்க நெல்லுக்கு ஒரு வெல கெடைக்கும்" என்றார். புதுத் தலையணையைக் காரிலிருந்து எடுத்துவந்து மகளிடம் கொடுத்தார். அன்று கார் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. மாமியாருக்கு சாயங்காலம் சீரியல் இருந்தது.

எல்லாரும் கலைந்த பிறகு ரேட்டக்கா மெதுவாக அறைக்குள் வந்தாள். சேலையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.

"இங்க கொண்டா, பாப்போம். யாரு சாடை?"

செல்வி குழந்தையைக் கொடுத்துவிட்டு, பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள். "இத்தன நாளா ஒருதரம்கூட வந்து பாக்கலியேக்கா?"

அக்கா அவனுடைய சின்ன முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"பாத்தா மனசு எளகிரும்லா. நாள் பூரா ஏசியப் போடுன்னு நானே சொல்லிருவேன். அப்பறம் கணக்கு எங்கன நிக்கும்? புள்ள ஊருக்குல்லா போயிருக்கும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இப்ப கூட்டி வையி. புதுக் கணக்கு ஆரம்பிச்சிட்டு."

செல்வி ஏசியைக் கூட்டி வைத்தாள். பொழுது அடைகிற வரை அக்கா குழந்தையைத் திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.