டாக்டருக்குப் பரீட்சை வைக்கிறவர்கள்

நோயாளிகளில் பல ரகம் உண்டு. ஊசியைக் காட்டும் முன்பே அலறுகிறவர், மாத்திரையைப் பாதியாக உடைத்து இஷ்டத்துக்கு விழுங்குகிறவர், பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டில் தன் வியாதியைத் தேடுகிறவர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுகிற ரகம் ஒன்று இருக்கிறது. டாக்டருக்கே பரீட்சை வைக்கிற ரகம்.

"உடம்புக்கு என்ன?" என்று டாக்டர் கேட்பார். "நீங்கதான் சொல்லணும்" என்று சிரித்தபடி கையை நீட்டுவார் நம்மவர். மூன்று நாளாக வயிறு பிசைவதைப் பற்றி மூச்சு விட மாட்டார். சொல்லிவிட்டால் டாக்டர் படித்த படிப்புக்கு என்ன மரியாதை? தானாகக் கண்டுபிடித்தால் கைராசிக்காரர், இல்லாவிட்டால் "அவருக்கு ஒண்ணும் தெரியல."

இந்த ரகத்துக்கு உதாரணம் வேண்டுமா? எங்கள் தெருமுனைத் தையல்கடைக்காரம்மாவைப் பாருங்கள். கடையில் அவர் நடத்துகிற தர்பாரே வேறு. "சட்டை என்னமோ சரியில்லம்மா" என்று யாராவது இழுத்தால் போதும், தையலை அப்படியே நிறுத்திவிட்டு, "எங்க சரியில்ல? கை வெச்சுக் காட்டுங்க. நான் என்ன ஜோசியமா பாக்குறேன்?" என்று ஒரு பிடி பிடித்துவிடுவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில், அக்குளை ஒட்டி, பட்டாணி அளவில் ஏதோ தட்டுப்பட்டது. மடித்த துணிக்குள் நூல் முடிச்சு இருந்தாலும் கண்டுபிடித்துவிடும் விரல்கள் அவருடையவை. பதினைந்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்? ஊஹூம். பதினாறாம் நாள் டாக்டரிடம் போய், "சும்மா ஒரு செக்கப்" என்றார். அவரும் வயதைக் கேட்டுவிட்டு, இரண்டு மார்புக்கும் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேனுக்குப் போகிறவர் விவரம் தெரிந்தவர்களைக் கேட்கலாம். கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடுமே! வயிற்று ஸ்கேனுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள் என்று எப்போதோ காதில் விழுந்திருந்தது. ஸ்கேன் என்றால் ஸ்கேன்தானே? ஆகவே பட்டினி கிடந்து, ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் குடித்து, டாக்டர் முன்னால் வேர்த்து நிற்கக் கூடாதே என்று அக்குளிலும் மார்பிலும் பவுடரை அள்ளிக் கொட்டி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாக ஒரு நீள அங்கியை மாட்டிக்கொண்டு, "முதுகுவலிக்கு ஸ்கேன்" என்று சொல்லிக் கணவரையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

வரவேற்பு மேஜைப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுக்குச் சாப்பிட்டே வரலாம்மா. தண்ணியும் குடிக்க வேணாம். மேல தனி, கீழ தனின்னு போட்டு வந்தா மேல மட்டும் கழட்டினா போதும். பவுடர் வேற போட்டிருக்கீங்களா? துடைச்சுட்டு வாங்க. பழைய ரிப்போர்ட் இருக்கா?"

ரிப்போர்ட்டும் கொண்டுவரவில்லை. பரீட்சை வைக்க வந்தவருக்கு வாசலிலேயே முட்டை மார்க். ஒரே ஓட்டமாகக் கழிப்பறைக்குப் போய் வந்தார்.

உள்ளே மங்கலான விளக்கு. ஸ்கேன் டாக்டரம்மா ஜில்லென்று ஒரு பசையைத் தடவினார்.

"வலிக்காதும்மா. ஊசி இல்ல, எக்ஸ்ரே மாதிரி கதிரும் இல்ல. காதுக்குக் கேக்காத சத்தத்த அனுப்பிப் பாக்குறோம், அவ்வளவுதான். எங்கயாவது கட்டி மாதிரி தட்டுப்பட்டுதா? வலி, கசிவு ஏதாவது?"

"நீங்கதான் சொல்லணும்."

கருவி வலது மார்பைச் சுற்றியது. இடதுக்கு வந்தது. அக்குள் பக்கம் நகர்ந்தது. இதோ, இன்னும் ஒரு விரற்கடை... திரும்பிவிட்டது!

"ரெண்டு பக்கமும் நல்லா இருக்கும்மா. துடைச்சுக்கோங்க."

மெஷின் தோற்றுவிட்டது. தையல்கடைக்காரம்மா ஜெயித்துவிட்டார். ஜெயித்தவருக்குச் சந்தோஷம் அல்லவா வர வேண்டும்? பசையைத் துடைக்கிற கை ஏன் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது? எழுந்து போய்விட்டால் 'ஒன்றுமில்லை' என்கிற ரிப்போர்ட்டும் அந்தப் பட்டாணியும் சேர்ந்தே வீட்டுக்கு வரும்.

"டாக்டர்... இருக்கு."

"என்ன இருக்கு?"

"கட்டி. பதினஞ்சு நாளா."

டாக்டரம்மா கோபப்படவில்லை. "எங்க? கை வெச்சுக் காட்டுங்க" என்றார். மீதி வசனத்தைத் தையல்கடைக்காரம்மாவே மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

படுத்தால் அது நழுவியது. எழுந்து உட்கார்ந்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி, வலது விரலை வைத்தார். விரல் இருந்த இடத்திலேயே கருவி போய் உட்கார்ந்தது. திரையில் கறுப்பாக, உருண்டையாக ஒன்று தெரிந்தது.

"தண்ணிக் கட்டிம்மா. உள்ள வெறும் நீர்தான், பயப்பட ஒண்ணுமில்ல. பெருசானாலோ வலிச்சாலோ உடனே வாங்க. ஓரமா ஒதுங்கி இருக்கு. என் மெஷினுக்கு முன்னாடியே உங்க விரல் பாத்துடுச்சே, அத வாய்விட்டுச் சொன்னா என்னம்மா?"

தையல்கடைக்காரம்மா அழுதே விட்டார். பதினைந்து நாள் அழுகையும் அந்தக் கட்டிலில் தீர்ந்தது.

வெளியே கணவர் எழுந்து வந்தார். "முதுகுக்கு என்ன சொன்னாங்க?"

"நீங்களே கண்டுபிடிங்க, பாக்கலாம்" என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன தடவை டாக்டர் "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார், "ஒண்ணுமில்ல டாக்டர்" என்று எழுந்தீர்கள். அப்புறம் கதவுப் பிடியில் கை வைத்தபடி ஒரு நிமிஷம் நின்றீர்களே, அது எதற்கு?