சுற்றாத ஃபேனும் பம்பரம் அண்ணனும்

தேனி மாவட்டத்திலேயே உட்காரத் தெரியாத மனிதர் ஒருவர்தான். அல்லிநகரத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்த அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் பம்பரம் அண்ணன். டீயை நடந்துகொண்டே குடிப்பார். பேப்பரை நடந்துகொண்டே படிப்பார். முடிவெட்டும் கடையில் அவருக்கு மட்டும் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வெட்ட, ஒருவர் தலையைப் பிடிக்க.

செல்போனில் இன்கமிங் இலவசமான புதிது. நான் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியிருந்தேன். என் மனைவி செல்வி மாசமாக இருந்தாள். வளைகாப்பு முடிந்து கம்பத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா இருப்பதோ தேனியில். வலி எடுத்தால் நாற்பது கிலோமீட்டர் இந்தக் காரில்தான் வந்தாக வேண்டும்.

காருக்கு ஒரு வியாதி. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் நினைத்தால் சுற்றும், நினைக்காவிட்டால் சுற்றாது. வேகமாகப் போகும்வரை எதிர்காற்றே போதும், தெரியாது. சின்னமனூர் கடைவீதியில் ஊரும்போது ஃபேன் படுத்துக்கொண்டால் ஹீட் முள் சிவப்பைத் தொடும். பானட் இட்லிக் கொப்பரை மாதிரி ஆவி விடும்.

முதல் தடவை கொதித்ததுமே மாமியார் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கண்ணுதான் மாப்பிள்ளை. ஊர்க்கண்ணு பூராம் இந்த வண்டி மேலதான்."

அந்த வண்டியைத் திரும்பிப் பார்த்த ஒரே ஆள் பழைய இரும்பு வாங்குகிறவர். இருந்தாலும் மாமியார் பேச்சைத் தட்ட முடியுமா? எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கம்பியில் கோத்து, முன்பக்க கிரில்லுக்குள் கைக்கு எட்டிய ஒரு போல்ட்டில் கட்டினேன். அடுத்த தடவை கொதித்ததும் அதன் மேலேயே இன்னொன்று. பழசை அவிழ்க்கக் கூடாது என்று உத்தரவு.

பம்பரம் அண்ணனிடம் போனேன். அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது.

"தம்பி, வராத காய்ச்சலுக்கு நான் ஊசி போட மாட்டேன். மத்தவன் மாதிரி ஃபேனை மாத்து, ரிலேயை மாத்துன்னு சொல்ல மாட்டேன். என் கண்ணு முன்னால ஃபேன் நிக்கணும். அப்பத்தான் கரண்டு எங்கன வரைக்கும் வருதுன்னு பாக்க முடியும். அதுவரைக்கும் வண்டியோடயே வர்றேன்."

வந்தார். ஆபீஸுக்கு வந்தார். வீரபாண்டி கோயிலுக்கு வந்தார். வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கி, பானட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, படாரென்று அறைந்து மூடினார். பெரியகுளத்தில் ஒரு துக்க வீட்டுக்கும் வந்தார். நான் உள்ளே இறந்தவரின் மகன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வெளியே எஞ்சின் உறுமுகிறது. படார்! ஒப்பாரி பாதியில் நின்றது. பம்பரம் அண்ணன் கைகட்டி உள்ளே வந்து என் காதில், "ஃபேன் நல்லாச் சுத்துது தம்பி" என்றார். அந்த வீட்டில் அவ்வளவு சோகமான முகம் வேறு யாருக்கும் இல்லை.

அவர் இருந்தால் கொதிக்காது. நான் தனியாகப் போனால் கொதிக்கும். இப்படியே இரண்டு மாதம். எட்டு எலுமிச்சம்பழம்.

டாக்டரம்மா சொன்ன தேதி நெருங்கியது. நான் லீவு போட்டு வண்டியோடு கம்பத்திலேயே தங்கிவிட்டேன். மாமனார், "எதுக்கும் ஒரு ஜீப்பு சொல்லி வைப்பமா?" என்றார். என் பிள்ளை என் காரில்தான் வரும் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, நடுவீதியில் வண்டி ஆவி விட, பின் சீட்டில் செல்வி வலியில் துடிப்பதை நினைத்து, ராத்திரியில் எழுந்து போய் ரேடியேட்டர் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவேன்.

கடைசி செக்கப்புக்குக் கிளம்பிய அன்று பம்பரம் அண்ணன் பஸ் பிடித்துக் கம்பத்துக்கே வந்துவிட்டார். வந்த கையோடு பானட்டில் கைவைத்தார்.

பின் சீட்டில் அம்மாவோடு இருந்த செல்வி தலையை நீட்டினாள். "அண்ணே, தொடாதீக! நீங்க வர்றப்ப மட்டும் ஏன் கொதிக்கலைன்னு யோசிச்சீகளா? நின்ன இடத்துலயெல்லாம் பானட்டை அந்த மொத்து மொத்துறீக. அந்த அதிர்வுல லூசா இருக்கிற வயரு எதுவும் ஒட்டிக்கிருதோ என்னமோ. இன்னைக்கு ஒருநாள் சும்மா உக்காந்து வாங்க."

தேனிவரை மூச்சுவிடாமல் வரச் சொன்னதுபோல அவர் முகம் போனது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து முன் சீட்டில் உட்கார்ந்தார். உத்தமபாளையத்தில் முழங்கால் ஆட ஆரம்பித்தது. அதைத் தாண்டியதும் நெற்றியெல்லாம் வியர்வை.

"ஆத்தா, கதவை மட்டும் ஒருக்கா திறந்து சாத்திக்கிறட்டா?"

"மூச்!" என்றாள் செல்வி.

சின்னமனூர் கடைவீதி. முன்னால் வாழைத்தார் லாரி. முள் ஏறியது. ஃபேன் சத்தத்தைக் காணோம்.

"நின்னுபோச்சு! ஆத்தா, நின்னுபோச்சு!" என்று குதித்து இறங்கினார். கவர்மெண்ட் வேலை கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று கடைக்காரர்கள் பார்த்தார்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டு வைக்கச் சொன்னார். தூங்கும் பிள்ளையின் போர்வையை விலக்குவதுபோல பானட்டைத் தூக்கினார். டெஸ்ட் லைட்டை வயரில் வைத்தார், எரிந்தது.

"ஃபேன் வரைக்கும் கரண்டு வருது. திரும்பிப் போகத்தான் வழியில்லை. எர்த்து!"

எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போன கை கிரில்லுக்குள் நுழைந்து, எட்டு எலுமிச்சம்பழத்தோடு வெளியே வந்தது. ஃபேனின் எர்த் வயரை பாடியோடு முடுக்கியிருந்த போல்ட்டில்தான் நான் கட்டியிருக்கிறேன். போல்ட் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது.

"இங்கன கொண்டாந்து கட்டுன மகராசன் யாரு? முன்னமே லூசா இருந்த போல்ட்டு, இத்தனை பழத்துச் சாறையும் குடிச்சா எர்த்து என்னத்துக்கு ஆகும்?"

நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் லாரியைப் பார்த்தார். கொதிக்கக் கொதிக்கப் பழம் கட்டினோம், கட்டக் கட்டக் கொதித்தது. மாமியார் அசரவில்லை. "பழம் கட்டப்போயித்தான் ஃபேனோட போச்சு. இல்லேன்னா எஞ்சினே போயிருக்கும்."

அண்ணன் அரித்த முனையை வெட்டி, புது முனை போட்டு, வேறு இடத்தில் சுரண்டி முடுக்கினார். ஃபேன் சுற்றியது. அதோடு விட்டாரா? மறுநாளிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் கம்பம் வந்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஃபேன் சுற்றுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். "சரியாகிருச்சுல்லண்ணே?" என்று கேட்டால், "ஆகிருச்சு. இருந்தாலும்..." என்பார்.

அப்படி அவர் வந்திருந்த ஒரு காலையில்தான் செல்விக்கு வலி எடுத்தது. சின்னமனூர் கடைவீதியை வண்டி ஆவி விடாமல் தாண்டியது.

ஆஸ்பத்திரியில் நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். கணக்குப் பார்த்தால் போடிக்குப் போய்த் திரும்பியிருப்பார். கதவு திறந்தது. துண்டில் சுற்றிய குழந்தையோடு வந்த நர்சம்மா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். நடந்துகொண்டிருந்த அண்ணனிடம் நேராகப் போனார்.

"பொம்பளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காக. பிடிங்க."

அண்ணன் சட்டையில் கையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டு வாங்கினார். நடக்கவில்லை. நின்றார்.

நான்தான் அப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும், இரண்டு நிமிடம் கழித்துச் சொன்னால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று மறுபடி பெஞ்சில் சாய்ந்துகொண்டேன்.