தேறாத பெட்டி

இடது இமை அழிந்துவிட்டது. வலது இமை மசிய மாட்டேன் என்றது.

தூண் என்று எல்லோரும் கூப்பிடுகிறவன் மூட்டைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தான். சட்டைக் கையை எச்சில் தொட்டு நனைத்து வலது கண்ணைத் தேய்த்தான். துணியைப் பார்த்தான். செப்பு நிறம் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை. சாயங்காலம் சோதனை அறை மேடம் இமையைப் பார்க்கும் நேரம் நெருங்கிவிட்டது. ஒரு கண் வெறுங்கண், ஒரு கண் கல்யாணக் கண் என்று போய் நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? வேர்வை என்ன, ஒரு கண்ணில் மட்டுமா வழியும்?

“என்னடா, கண்ணைத் தோண்டி எடுக்கப் போறியா?”

தலைக்கு மேலே மேஸ்திரி நின்றார்.

“தூசு விழுந்துருச்சுண்ணே.”

“இத்தனை வருசமா இந்தத் தூசுலதானே கிடக்கே. இன்னைக்குத்தான் அதுக்கு வழி தெரிஞ்சுதா? எந்திரி, லாரி நிக்குது.”

கண்ணுக்குப் பூசும் ஐஷேடோ செய்கிற தொழிற்சாலை அது. பின்வாசலில் வந்து இறங்கும் கல்மாவு மூட்டைகளையும் மினுமினுப்புக்கான மைக்கா மூட்டைகளையும் கலவைக்கூடத்துக்குச் சுமந்து போய்ப் போடுவது தூணின் வேலை. உள்ளே அந்த மாவில் சாயம் சேரும், எண்ணெய் சேரும், அச்சில் அழுந்தி வில்லை வில்லையாகப் பெட்டியில் உட்காரும். அதற்கப்புறம் என்ன ஆகும் என்று அவன் கேட்டதில்லை. சுமக்கிறவனுக்குத் தோள்வரைக்கும்தான் கணக்கு. ஆள் நெடுநெடுவென்று இருப்பான், அதிகம் பேசமாட்டான், அதனால் தூண். நாற்பது தாண்டியும் கல்யாணம் கூடிவரவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் காபி கொடுத்தார்கள், பெண் கொடுக்கவில்லை.

அப்படியிருந்தவன் கண்ணில் சாயம் ஏறியது மழைக்காலத் தொடக்கத்தில்.

வேர்வைக்கு அழியாத பெட்டி ஒன்று போட வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. அடுப்படியில் நிற்கிறவர்கள், மேடையில் ஆடுகிறவர்கள் எல்லோரும் வாங்குவார்களாம். மற்றப் பெட்டிகளைச் சோதிக்கிற பெண்கள் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களுக்கு வேர்க்காது. ஆகவே சோதனை அறை மேடம் பின்வாசலுக்கே வந்தார். மூட்டை தூக்குகிறவர்களைச் சந்தையில் மாடு பார்ப்பதுபோல ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, தூணிடம் நின்றார்.

“இவருக்குத்தான் நல்லா ஊத்துது.”

அவன் வேர்வையைப் பார்த்து நாலு அடி தள்ளி நின்றவர்கள் உண்டு. கிட்டே வந்து நின்றவர் இவர் ஒருத்தர்தான்.

அன்றிலிருந்து காலையில் வேலை தொடங்குமுன் சோதனை அறைக்குப் போக வேண்டும். ஜன்னலோர ஸ்டூலில் உட்கார வேண்டும். மேடம் முதலில் வில்லையில் விரல் வைத்து உரசுவார்.

“இங்க பாருங்க, பெட்டியில செங்கல் கலரா இருக்கு. தோல்ல போட்டா வேற மாதிரி தெரியுதா?”

“ஈரச் செங்கல் மாதிரி இருக்கு மேடம்.”

“பதம் எப்படி? தொட்டுப் பாத்துச் சொல்லுங்க.”

“கோதுமை மாவு மாதிரி.”

“நேத்து கல்லு மாவுன்னீங்க.”

“நேத்துப் பயமா இருந்துச்சு மேடம்.”

மேடம் சிரித்தார். பிறகு, “கண்ணை மூடிக்குங்க” என்றார்.

அதுதான் கொடுமை. அவர் மூச்சு முகத்தில் படும் அளவுக்குப் பக்கத்தில் வருகிறபோதுதான் அவன் கண்ணை மூடியிருக்க வேண்டும். மோதிர விரல் இமைமேல் பட்டுப் போகும். கன்னத்தில் உதிர்ந்த தூளை ஒரு தூரிகை தட்டிவிடும். மூடிய கண்ணுக்குள் அவள் இருப்பாள். திறந்தால் மேடம் இருப்பார். ஒருமையும் பன்மையும் அந்த ஒரு இமை அகலத்தில் பிரிந்து கிடந்தன.

சாயங்காலம் திரும்பிப் போனால், விளக்கைத் திருப்பி வைத்துப் பார்ப்பார். நிறம் மங்கியிருக்கிறதா, இமை மடிப்பில் கோடு கோடாகத் திரண்டிருக்கிறதா, கண்ணுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா. “தேறல. நாளைக்கு வாங்க” என்பார்.

தேறினால்? முதல் நாளே சொல்லிவிட்டார். வேர்வைக்கு இந்த ஒரு பெட்டிதான். இது தேறிவிட்டால் அவனுடைய இமைகளுக்கு வேலை இல்லை.

அப்போதே தூண் முடிவு செய்துவிட்டான், பெட்டி தேறக் கூடாது. அதனால்தான் தினமும் மூட்டைக்குப் பின்னால் இந்தத் திருட்டுத் துடைப்பு.

மேஸ்திரி போனதும் அவன் கோணிச் சாக்கின் விளிம்பை எடுத்து வலது கண்ணில் ஓர் இழு இழுத்தான். சாயம் போனது. கூடவே தோலும் போனது.

“ஐயோ, இது என்ன?” மேடம் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். “இப்படிச் செவந்திருக்கு?”

“தூசு மேடம்.”

“தூசா, எருமை முட்டுச்சா?” மருந்து எடுத்து வந்து அவரே தடவினார். தூணுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் அடுத்த பேச்சில் மறுபடி போனது. “ஆறுற வரைக்கும் இந்தக் கண்ணுல போட வேண்டாம். நாளையிலருந்து இடது மட்டும் போதும்.”

பாதிச் சொர்க்கத்தைத் தன் கையாலேயே சாக்கில் சுருட்டிக் கொடுத்துவிட்டோமே என்று வீடுவரைக்கும் தன்னைத் தானே திட்டிக்கொண்டு போனான்.

இனி கண்ணில் கை வைப்பதில்லை என்று மறுநாள் தீர்மானம். ஆவிக்கு எதுவும் கரையும் அல்லவா? சாப்பாட்டு இடைவேளையில் பாய்லர் பக்கம் போய், நீராவி கசிகிற குழாய்க்கு முன்னால் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றான். முகம் வெந்தது. சட்டை நனைந்தது. இமை மட்டும் அப்போதுதான் பூசியதுபோல மினுமினுத்தது. அந்தக் கோலத்தில் மேஸ்திரி அவனைப் பார்த்தார்.

“டேய்! உடம்பு இப்படிக் கொதிக்குது, சொல்ல மாட்டியா?”

“காய்ச்சல் இல்லண்ணே, நான் சும்மா...”

“சும்மா நின்னா எவனுக்குடா இப்படி வேர்க்கும்? போ, வீட்டுக்குப் போய்ப் படு.”

தன் சைக்கிளில் தானே உட்கார வைத்து வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டார் மேஸ்திரி. பிறவியிலேயே இரக்கமில்லாத மனிதருக்கு அன்றைக்கென்று பார்த்து இரக்கம் வந்துவிட்டது. அன்று சாயங்காலப் பார்வை போயிற்று. தூண் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இடது இமையில் செப்பு நிறம் அப்படியே இருந்தது. முகம் கழுவ மனசு வரவில்லை. பார்க்க ஆள் இல்லாத அலங்காரம்தான் எவ்வளவு கனம். மூட்டையைக்கூட இறக்கி வைத்துவிடலாம்.

அடுத்த நாள் அழுது பார்ப்பது என்று முடிவு செய்தான். கண்ணீருக்கு எந்தப் பெட்டி நிற்கும்? ஆனால் அழுகை வரவேண்டுமே. இறந்துபோன அப்பாவை நினைத்தான். அவர் அடித்த அடிதான் ஞாபகம் வந்தது. கேன்டீன் சமையல்கட்டுக்குப் போய், “குடுங்க, நான் நறுக்கித் தரேன்” என்று வெங்காயக் கூடைமுன் உட்கார்ந்தான். கண்ணீர் ஆறாக ஓடியது.

சமையற்காரர் பார்த்தார். நெஞ்சு இளகிய மனிதர்.

“என்னப்பா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. வெங்காயம்.”

“எல்லாரும் அப்படித்தான்ப்பா சொல்வோம்” என்று முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மணி அடிப்பதற்குள் பின்வாசல் முழுக்கச் செய்தி போய்விட்டது. தூண் வீட்டில் சாவு. செத்தது யார் என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. ஒருவன் வந்து கையைப் பிடித்தான். ஒருவன் தன் பீடியைக் கொடுத்தான். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொருவனும் கூட அழுதான். இல்லை இல்லை என்று தூண் சொல்லச் சொல்ல, “மனசுல போட்டு அமுக்காதே மாமா” என்று ஆறுதல் கூடிக்கொண்டே போயிற்று.

சாயங்காலம் மேடம் விளக்கைக்கூடப் போடவில்லை.

“வீட்ல யாராவது போயிட்டாங்களா?”

“இல்ல மேடம். போறதுக்கு வீட்ல யாரும் இல்ல.”

மேடம் மேசைமேல் கிடந்த தூரிகைகளை ஒழுங்காக அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

“எனக்கும் அப்படித்தான்” என்றார். “வீட்டுக்குப் போனா, காலையில வச்சது வச்ச இடத்துலயே இருக்கும். யாரும் எதையும் எடுத்திருக்க மாட்டாங்க.”

தூணுக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல வந்தது தொண்டைவரை வந்து, அங்கேயே மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

“இமையைப் பாக்கலியா மேடம்?” என்றான்.

“ம்? ஆமா.” பார்த்தார். “தேறல. நாளைக்கு வாங்க.”

வெளியே வந்தவனை மேஸ்திரி பிடித்துக்கொண்டார்.

“யாரும் சாகலயாமே? சரி, அது போகட்டும். மழை போய் வெயிலே வந்துருச்சு, அந்தம்மா இன்னும் ஒரு பெட்டியைத் தேத்த முடியாமக் கிடக்கு. மேலிடம் சும்மா விடுவாங்கன்னா நினைக்கிறே? பெட்டி நல்லாதான் இருக்கு, பாக்கிறவங்களுக்குத்தான் வேலை தெரியலன்னு ஒரே நாள்ல அனுப்பிடுவாங்க, பாத்துக்கிட்டே இரு.”

தூண் தன் இமையைப் பற்றியே நினைத்தானே தவிர, அவர் வேலையைப் பற்றி ஒரு நாளாவது நினைத்தானா? தினமும் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக ஒரு பெண்பிள்ளையின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டிருக்கிறான். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. விடிவதற்குள் மனசைக் கல்லாக்கிக்கொண்டான். நாளைக்குப் பெட்டி தேறியே ஆகவேண்டும். அதோடு எல்லாம் முடிந்துவிடும். முடியட்டும்.

காலையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். வலது கண் ஆறியிருந்தது. இரண்டு இமைக்கும் விரல் வந்தது. கடைசித் தடவை என்று அவனுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. புகை நிறமோ செப்பு நிறமோ, என்ன பூசினார் என்றுகூட அவன் கேட்கவில்லை.

“என்ன, இன்னைக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க? பதம் எப்படி?”

“நல்லா இருக்கு மேடம். ரொம்ப நல்லா இருக்கு.”

அன்று முழுக்க அவன் இமைகளைப் பிரசவமான பசுவை வைத்திருப்பதுபோல வைத்திருந்தான். வேர்வை கண்ணுக்கு வராமல் நெற்றியில் துண்டை வரிந்து கட்டினான். மூட்டையைத் தலைக்குப் பதில் முதுகில் சுமந்தான். கண் சிமிட்டுவதைக்கூடக் குறைத்துக்கொண்டான். “என்ன மாமா, ஆந்தை மாதிரி பாக்கிறே?” என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். ஒரு ஈ வந்து புருவத்தில் உட்கார்ந்தது. கையில் மூட்டை. விரட்ட முடியாது. ஊதி ஊதியே அதை அனுப்பினான்.

சாயங்காலம் கை கழுவுகிற இடத்துக் கண்ணாடியில் பார்த்தான். மடிப்பில் கோடில்லை. கீழே இறங்கவில்லை. நிறம் காலையில் இருந்தபடியே இருந்தது. பெட்டி தேறிவிட்டது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மட்டும் தேறவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தான். மேடம் விளக்கைத் திருப்பினார். வெகு நேரம் பார்த்தார். இத்தனை நேரம் அவர் எப்போதும் பார்த்ததில்லை. இடது இமை, வலது இமை, மறுபடி இடது.

“கலைஞ்சிருக்கு” என்றார். “தேறல.”

“மேடம்?”

“மடிப்புல திரண்டு நிக்குதே. கீழயும் கொட்டியிருக்கு. நாளைக்கு வாங்க.”

“மேடம், நல்லாப் பாருங்க. நான் இப்பத்தான் கண்ணாடியில...”

“நாளைக்கு வாங்கன்னு சொல்றேன்ல?” மேடம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு விளக்கை அணைத்தார்.

தூண் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது. மேஸ்திரி சொன்னதுகூடப் பெரிதில்லை. மேடத்துக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருக்கிற இமையில் கோடு இருக்கிறதா இல்லையா என்பதே அவருக்குத் தெரியவில்லை. நிறம் பார்த்துப் பிழைக்கிற பெண்ணுக்குக் கண் போனால் என்ன மிச்சம்? வீட்டில் கைபிடித்துக் கூட்டிப்போகக்கூட ஆளில்லை. வெளியே தெரிவதற்குள் ஒரு மூக்குக்கண்ணாடிக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

ஊருக்குள் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள், முன்வாசலில் சரக்கு ஏற்றிப்போகிற லாரி டிரைவர்தான். தூண் அந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை. அன்று ஓட்டமும் நடையுமாகப் போனான். டிரைவர் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நல்ல கண் டாக்டர் யாராவது தெரியுமா?”

“யாருக்கு? உன் கண்ணு மினுமினுன்னு நல்லாத்தானே இருக்கு.”

“எனக்கில்லண்ணே. சோதனை ரூம் மேடத்துக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பார்வை சுத்தமாப் போச்சு. அந்த வேர்வைப் பெட்டியைத் தினமும் என் இமையில போட்டுப் பாத்துட்டு, இன்னமும் தேறல தேறலன்னு சொல்லிட்டிருக்காங்க.”

டிரைவர் கயிற்றை விட்டுவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“யோவ், அந்தப் பெட்டி மழைக்காலத்துலயே தேறி, நான்தான்யா கடை கடையா கொண்டுபோய் இறக்கினேன், என் பொண்டாட்டி அதைப் போட்டுக்கிட்டுத்தான் தினமும் எங்கூட சண்டை போட்டு அழுவுறா!”