பத்து மைலுக்கு ஒரு வாளித் தண்ணீர்

கார் என்ற ஒன்றை மனிதன் செய்து சாலையில் விட்ட நாள் முதல், பெலான் சைஸைப் போல அதை மெதுவாக ஓட்டியவர் உலகத்தில் எவரும் இல்லை. நீங்கள் நத்தையைச் சொல்வீர்கள். நத்தைக்கு ஹார்ன் கிடையாது. இருந்திருந்தால் அவரை ஒதுங்கச் சொல்லி அடித்திருக்கும்.

பிள்ளைகளே, நான் அதிகம் படித்தவன் இல்லை. பீச் ஸ்திரீட்டில் ஓர் அரிசிக் கிடங்கில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருக்கிறேன். நாள் முழுதும் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிவிட்டு வீடு திரும்பினால் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகிவிடும். ஆனால் இந்தக் களைப்பெல்லாம் ஒரு களைப்பே அல்ல. பெலான் சைஸோடு ஒரே ஒரு நாள் ஈப்போவுக்குப் போனேனே, அந்தக் களைப்பு இன்னும் என் முதுகில் மிச்சம் இருக்கிறது.

எங்கள் பினாங்கில் குதிரை வண்டிக்காரரையும் சைஸ் என்பார்கள், கார் ஓட்டுகிறவரையும் சைஸ் என்பார்கள். மற்ற சைஸ்கள் எல்லாரும் குதிரையை விட்டுக் காருக்கு மாறினார்கள். எங்கள் சைஸ் மாறவில்லை. அவருடைய குதிரையை மட்டும் யாரோ மாற்றிவிட்டார்கள். அவ்வளவுதான். "பெலான், பெலான்" என்றால் மலாய் பாஷையில் மெள்ள மெள்ள. அந்த வார்த்தை நாளைக்கு நூறு தரம் அவர் வாயில் வரும். அதனால் அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அவர் கையில் இருந்தது என்ன கார் தெரியுமா? எங்கள் தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஆசைப்பட்டு வாங்கிய பந்தயக் கார் மாதிரியான வண்டி. பச்சை நிறம். நீண்ட மூக்கு. இரண்டே பேர் உட்காரலாம், தலைக்கு மேலே கூரை கிடையாது. அறுபது மைல் வேகத்தில் போகும் என்று சொல்லி விற்றார்களாம். நிற்கும்போதே ஓடுவது போலத் தெரியும். நம்முடைய சைஸ் ஓட்டினால், ஓடும்போதே நிற்பது போலத் தெரியும்.

ஒரு நாள் காலை எட்டு மணிக்குக் கிடங்குக்குத் தந்தி வந்தது. ஈப்போவிலிருந்து என் மாமனார் கொடுத்தது. என் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். 'வலி கண்டிருக்கிறது, உடனே வரவும்' என்று இருந்தது. போகும்போது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த நேரத்துல நீங்க அந்த வீட்டுல இருக்கணும். உள்ள விடமாட்டாங்க, பரவால்ல. வாசல்லயாச்சும் இருங்க. எனக்குப் பயமா இருக்கு." சரி என்று தலையாட்டியிருந்தேன்.

காலை ரயில் போய்விட்டது. அடுத்தது போய்ச் சேர ராத்திரி ஆகும். அன்றைக்கென்று தவுக்கே அந்தப் பச்சைக் காரை ஈப்போவில் இருக்கும் தன் மகனுக்கே கொடுத்துவிட அனுப்பிக்கொண்டிருந்தார். சைஸ் காரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ரயிலில் திரும்ப வேண்டும். பக்கத்து இருக்கை காலி. நான் போய்க் கேட்டேன்.

"ஈப்போவுல என்ன வேலை?" என்றார் தவுக்கே.

இங்கேதான் பிள்ளைகளே, நான் முட்டாள்தனம் செய்தேன். அந்தக் காலத்தில் நாலு ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்று வாய்விட்டுச் சொல்ல எங்களுக்குக் கூச்சம். தலையைச் சொறிந்துகொண்டு, "சும்மாதான்" என்றேன்.

தவுக்கேவுக்கு ஒரே சந்தோஷம். "ஆ, மக்கான் ஆங்கின்!" என்றார். மலாய்க்காரர்கள் ஊர் சுற்றிப் பார்ப்பதைக் 'காற்றுத் தின்பது' என்பார்கள். சைஸைக் கூப்பிட்டு, "கிராணி எங்கயும் போனதில்ல. நல்லா சுத்திக் காட்டிக் கூட்டிட்டுப் போ லா" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

"அவசரமே படமாட்டேன் தவுக்கே" என்றார் பெலான் சைஸ்.

நான் ஏறி உட்கார்ந்தேன்.

காரை ஏற்றிப் போகிற ஃபெர்ரியில் முதல் கூத்து. சைஸ் தன் தோள் துண்டை எடுத்துக் காரின் இரண்டு விளக்குகளையும் மூடிக் கட்டினார்.

"எதுக்குண்ணே?"

"கடலைப் பாத்தா மெரளும் தம்பி."

அக்கரையில் பட்டர்வொர்த்தில் இறங்கி, துண்டை அவிழ்த்து, காரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, மூக்கைத் தட்டிக்கொடுத்து, "கெளம்பு பச்சை" என்று சொன்ன பிறகுதான் வண்டியைக் கிளப்பினார். வேகம் காட்டும் முள் இருபதைத் தொட்டது. அதற்கு மேல் போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஈப்போ என்று மனசில் போட்டிருந்த கணக்கு முதல் மைலிலேயே விழுந்தது.

பத்தாவது மைல்கல். "ஓ... ஓ..." என்று பிரேக்கை மிதித்து நிறுத்தினார்.

"ஏதாச்சும் கோளாறா அண்ணே?"

"கோளாறு ஒண்ணுமில்ல. பத்து மைலு ஓடியிருக்கு. மூச்சு வாங்க வேணாமா?"

"இது கார்ண்ணே!"

"காருன்னா? வாய் இல்லாததுன்னா என்ன வேணா செய்யலாமா?"

பக்கவாட்டில் மாட்டியிருந்த தகர வாளியைக் கழற்றினார். அவர் குதிரைக்குத் தண்ணீர் காட்டிய அதே வாளி. இறங்கிப் போய்க் கால்வாயில் மொண்டு வந்து, மூக்கு ஆறும்வரை காத்திருந்து, மூடியைத் திறந்து சொட்டுச் சொட்டாக ஊற்றினார். மிச்சத் தண்ணீரில் நாலு சக்கரத்தையும் கழுவினார். இருபது நிமிஷம்! மரத்தடியில் நின்று பைக்கடிகாரத்தைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். காய்கறிக் கூடையோடு சைக்கிளில் போன ஒரு சீனர் எங்களைத் தாண்டிப் போனார். பிறகு நாங்கள் அவரைத் தாண்டினோம். இருபதாவது மைல்கல்லில் அவர் மறுபடி தாண்டிப் போனார். இந்தத் தடவை சிரித்துவிட்டே போனார்.

வழியில் ஒரு மாட்டு வண்டி வந்தது. ஹார்ன் அடிக்கச் சொன்னேன். "மாடு பயந்துடும்" என்றார். இரண்டு மைல் அந்த மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டே போனோம்.

பாரிட் புந்தார் பக்கம் வயல்வெளி. "தம்பி, கொக்கு பாரு."

"பாத்தேண்ணே."

"எங்க பாத்தே? நீ மணியில்ல பாத்துட்டிருக்க. இறங்கிப் பாரு லா. தவுக்கே சொல்லியிருக்காரு." வண்டியை நிறுத்திவிட்டார். இறங்கிப் பார்த்தேன். கொக்குதான். ஒற்றைக் காலில் நின்றது. அதற்கும் எங்கேயும் போக அவசரமில்லை.

பாகான் செராயில் சாப்பாட்டுக் கடை. இலை போட்டு மீன் குழம்பு. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அங்கே அவள் என்ன பாடு படுகிறாளோ என்றே நினைப்பு. சைஸ் மூன்று தரம் சோறு வாங்கினார்.

"காத்தை ரொம்பத் தின்னுட்டியா? சோறு எறங்கலியே!"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பக்கத்து மேசையில் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விழுங்கிவிட்டேன்.

தைப்பிங்கில் மழை பிடித்தது. அந்த ஊரில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. இருக்கைக்கு அடியிலிருந்து சைஸ் ஒரு பெரிய ரப்பர் துணியை எடுத்தார். அப்பாடா என்று கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய்க் காரின் மூக்குமேல் அதைப் போர்த்தி, நாலு மூலையிலும் கயிறு போட்டுக் கட்டினார்.

"அண்ணே, நாம நனையுறோம்!"

"நாம துடைச்சுக்கலாம். சூட்டு உடம்புல மழை பட்டா அதுக்குச் சளி புடிக்கும்."

முக்கால் மணி நேரம் அவரும் நானும் மழையில் நின்றோம். கார் சுகமாக இருந்தது.

அதற்கப்புறம் புக்கிட் பெராபிட் மலை. மணி நாலு. வளைந்து வளைந்து ஏறுகிற சாலை. அடிவாரத்தில் வண்டி நின்றது.

"எறங்கு தம்பி."

"இன்னும் பத்து மைல் ஆகலியே!"

"ஏத்தத்துல பாரம் கூடாது. நடந்து வா. நான் பக்கத்துலயே ஓட்டிட்டு வாரேன்."

பிள்ளைகளே, அறுபது மைல் போகிற காருக்குப் பக்கத்தில் நான் நடந்தே மலை ஏறினேன். சட்டை ஈரம், முழங்கால்வரை சேறு, காலையிலிருந்து வயிறு காலி. ஒரு மைல்கல் வந்தது. அதன் மேல் உட்கார்ந்தேன். எழுந்திருக்கத் தெம்பில்லை.

சைஸ் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "என்னா தம்பி, களைச்சிட்டியா? காத்து எப்படி? மலைக்காத்து!"

என் கூச்சமெல்லாம் அங்கே செத்தது. சுற்றிலும் காடு. கேட்பதற்குக் குரங்குகள் மட்டும்தான்.

"காத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம்! ஈப்போவுல என் வீட்டுக்காரிக்குப் பிரசவ வலிண்ணே! காலையிலேருந்து! தலைப்பிரசவம்! பயமா இருக்கு, வாசல்லயாச்சும் இருங்கன்னு சொல்லிட்டுப் போனா!"

அவர் வாய் திறந்தபடி நின்றது.

"அடப்பாவி! இதைப் பட்டர்வொர்த்துலயே சொல்றதுக்கு என்னாடா?"

"வெக்கமா இருந்துச்சுண்ணே."

"வெக்கமாம்! கொக்கைக் காட்டுறேன், 'பாத்தேண்ணே'ங்குறான்! ஏறுடா மடையா! ஏறு!"

ஏறினேன். அவர் கீழே இறங்கி, தகர வாளியைக் கழற்றி அந்த மைல்கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வாளி அண்ணே..."

"கெடக்கட்டும். பாரம்."

பிறகு காரின் மூக்கில் கையை வைத்தார். "பச்சை, இன்னிக்கு ஒரு நாள் மன்னிச்சுக்க" என்றார். உட்கார்ந்தார். மிதித்தார்.

நான் இருக்கைக்குள் புதைந்தேன். மலை இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் "ஓ... ஓ..." என்று அடக்கி, வளைவு தாண்டியதும் "போ மவளே, போ!" என்று விட்டார். பாடாங் ரெங்காஸைத் தாண்டிச் சமதரை வந்ததும் முள் நாற்பது, ஐம்பது என்று ஏறி அறுபதில் போய் நின்று நடுங்கியது. ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் சீட்டுக்கட்டைக் கலைப்பது போலப் பறந்தன. ஈரச் சட்டை காய்ந்தே போய்விட்டது. வாயைத் திறந்தால் பேச முடியவில்லை, காற்று உள்ளே வந்து அடைத்தது. மக்கான் ஆங்கின் என்றால் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உங்களிடம் ஒளிக்கக் கூடாது. மனைவி அங்கே வலியில் கிடக்கிறாள். அதற்கு நடுவிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள் சாயங்கால வெயிலில் எங்களைப் பார்த்து ஓடி வந்தன. அப்படி ஒரு பயணம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சைஸைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது. காற்றினால்தான் என்று நினைத்தேன்.

ஐந்தரை மணிக்கு மாமனார் வீட்டு வாசலில் இறங்கினேன். ஓடினேன்.

குழந்தை மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் பிறந்தது!

"பிள்ளை எப்பவுமே பெலான் பெலான்தான் வரும் தம்பி" என்றார் சைஸ், ரயிலுக்குப் போகும் முன் விசாரிக்க வந்தபோது. அவர் சொன்னது சரி. அந்தப் பிள்ளைதான் எங்கள் மூத்த பெண். இன்றைக்கும் அவள் தலை பின்னி முடிப்பதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடுகிறது. ஆனால் அவள் அம்மா பிறகு என்னிடம் சொன்னாள்: "சாயங்காலம் வாசல்ல உங்க இருமல் கேட்டுச்சு. அப்புறம் பயம் இல்ல." மழையில் நனைந்து பிடித்த இருமல் அது. அந்த மழைக்கும் ஒரு பலன் இருந்தது.

நாலைந்து மாசம் கழித்துத் தாயையும் பிள்ளையையும் பினாங்குக்கு அழைத்து வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெலான் சைஸ் வீட்டுக்கு வந்தார். கையில் அந்தத் தகர வாளி.

"இது எப்படிண்ணே கெடைச்சுது?"

"திரும்பையில பாடாங் ரெங்காஸ்ல ரயிலை விட்டு எறங்கி, நடந்து மலை ஏறுனேன். அங்கயேதான் இருந்துச்சு, மழைத் தண்ணி ரொம்பி. புள்ளையைக் குளிப்பாட்ட வெச்சுக்க."

"உங்க பச்சைக்கு வேணாமாண்ணே?"

"அது ஈப்போவுல. அங்க வேற சைஸ், சின்ன வயசுக்காரன். பத்து மைலுக்கு ஒருக்கா நிறுத்தித் தண்ணி காட்டுப்பான்னு சொல்லிட்டு வந்தேன். சிரிச்சான்."

அவரும் சிரித்தார். அப்போதுதான் என் மரமண்டைக்கு விளங்கியது. அவருக்கு அன்று அந்தக் காரோடு கடைசி நாள். பத்து மைலுக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தி, அந்த ஒரு நாளை எவ்வளவு நீளமாக இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். மிச்சம் இருந்த நாற்பத்தைந்து மைலை ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்குக் கொடுத்துவிட்டார். அவரும் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிற ஆள்தான்.

என் சொந்தப் பிள்ளைகளே, இதை நீங்களும் படிப்பீர்கள். குளிக்கிற இடத்தில் ஒரு நசுங்கிய தகர வாளி இருக்கிறதே, நீங்கள் அவசரத்தில் காலால் தள்ளிவிட்டுப் போகிற வாளி. அப்பா ஏன் எழுந்து வந்து திட்டுகிறார் என்று கேட்டீர்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் ராத்திரி படுக்கும் முன் அதில் தண்ணீர் நிரப்பி வைக்கிறேன். மெள்ள மெள்ளத்தான்.